இடது கால் இரண்டு முறை

என் மனைவி போய் இரண்டு வருடமாகிறது. வீட்டில் அவள் போட்டோ நாற்பதுக்கு மேல் இருக்கிறது. குரல் ஒன்றுகூட இல்லை. மகளின் கல்யாண வீடியோவைத் தேடியெடுத்துப் போட்டுப் பார்த்தேன். மண்டப வாசலில் நின்று யாரிடமோ கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாள். வீடியோக்காரப் புண்ணியவான் அதன்மேல் முழுக்க முழுக்கச் சினிமாப் பாட்டை ஏற்றி வைத்திருக்கிறான். அவள் பேசியதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது, திட்டியது ஒன்று விடாமல். பேசிய குரல்தான் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டே போனது. ஒருநாள் காலையில் பல் துலக்கும்போது, ‘என்னங்க’ என்று அவள் கூப்பிடுவதை மனதுக்குள் கேட்டுப் பார்த்தேன். என் குரலில்தான் கேட்டது. பிரஷ்ஷும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன்.

இதில் கொடுமை என்னவென்றால், எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு அவள் குரல் பழக்கம்.

அவளுக்கு இருபது வருடமாக மூட்டுவாதம். காலையில் விரல்கள் மடங்கி, பாட்டில் மூடியைத் திறக்கவே அரை மணி நேரம் ஆகும். அப்படிப்பட்டவள் நூலகத்துக்கு மேல்மாடியில் சனிக்கிழமைதோறும் ஒரு பயிற்சி நடத்தினாள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, ஆஸ்துமா, மூட்டுவலி என்று இனிமேல் விட்டுப் போகாத நோய் வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஆறு சனிக்கிழமை வட்டமாக உட்கார்ந்து, அந்த நோயை வைத்துக்கொண்டு அன்றாடப் பொழுதை எப்படி ஓட்டுவது என்று கற்றுக்கொள்வார்கள். டாக்டர் கிடையாது. நடத்துகிறவருக்கும் தீராத நோய் ஒன்று இருக்க வேண்டும், அதுதான் தகுதி. நான் அதற்கு ‘சீக்காளிகள் சங்கம்’ என்று பெயர் வைத்திருந்தேன்.

நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். சனிக்கிழமை எனக்கு வேலை அதிகம். வண்டியில் அவளைக் கொண்டுபோய் மாடிப்படிக்குக் கீழே இறக்கிவிட்டு, அடுத்த வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பறந்துவிடுவேன். “ஒரு நாள் மேல வந்து உக்காருங்களேன். முதல் வாரம் வீட்டு ஆளுங்களும் வரலாம்” என்பாள். “எனக்கென்ன நோயா?” என்பேன். இதே கேள்வி, இதே பதில், பதினொரு வருடம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறுவாள். அவள் மேலே போய்ச் சேரும்வரை நின்று பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

அந்தப் பயிற்சியில் ஐந்தாவது வாரம் உடம்பைத் தளர்த்துவது எப்படி என்று ஒரு பாடம். அதற்காக அவள் ஒன்பது வருடம் முன்பு தன் குரலிலேயே ஒரு கேசட் பதிவு செய்து கொடுத்திருந்தாள். அவள் போன பிறகுதான் அந்தக் கேசட்டைப் பற்றி ஆளாளுக்கு என்னிடம் சொல்ல ஆரம்பித்தார்கள். மருந்துக்கடைக்காரர் ஒருநாள் மாத்திரையை எண்ணிக்கொண்டே, “உங்க வீட்டம்மா சொன்ன மாதிரி செஞ்சாத்தாங்க எனக்கு இன்னைக்கும் தூக்கம் வருது. ஆனா ஒண்ணு, அந்தக் கேசட்ல இடது கால ரெண்டு தடவ சொல்லுவாங்க, வலது கால விட்டுடுவாங்க!” என்று சிரித்தார். “எப்படிச் சொல்லுவா?” என்று கேட்டுவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, மீசையோடு, அவளைப் போலப் பேசிக் காட்டினார். எனக்கு அவர்மேல் வந்த பொறாமை கொஞ்சநஞ்சமல்ல.

கேட்டு வாங்கியிருக்கலாம். அவளுக்குப் பிறகு பயிற்சியை நடத்துகிற நர்ஸம்மா இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். அவளோடு தங்கையாட்டம் பழகியவர்தான். ஆனால் பதினொரு வருடம் ‘எனக்கென்ன நோயா’ என்று சொன்னவன் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய்க் கேட்பது?

அந்தச் சமயத்தில்தான் எனக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, மாத்திரை எழுதி, “நூலக மாடியில ஒரு பயிற்சி நடக்குது, போய்ச் சேருங்க” என்றார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தப் படி ஏற என்னிடமும் ஒரு நோய் இருக்கிறது. ஐந்தாவது வாரம் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து கேட்டுவிடலாம். யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை.

மொத்தம் இருபத்திரண்டு படி. பாதியில் ஒரு வளைவு. மேலே நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் மூலை மடங்கிய சார்ட்டுகள், ஓரத்தில் ஓர் இரும்பு பீரோ. பீரோ மேல் டேப் ரெக்கார்டர் இருந்தது, தூசி படாமல் ஒரு துண்டு போர்த்தி. அது எங்கள் வீட்டுத் துண்டு. காணோம் என்று நான் ஒரு வாரம் வீட்டை இரண்டாக்கிய துண்டு.

நர்ஸம்மா என்னைப் பார்த்து ஒரு நொடி நின்றார். பிறகு, “வாங்கண்ணே, உக்காருங்க” என்றார், அவ்வளவுதான். அவருக்கே சர்க்கரை வந்து இருபது வருடம். சர்க்கரை திடீரென்று இறங்கினால் போட்டுக்கொள்ள, பையில் எப்போதும் நாலு மிட்டாய் இருக்கும்.

அங்கே முக்கியமான வேலை, வாரம் ஒரு திட்டம் சொல்வது. என்ன செய்யப் போகிறேன், எவ்வளவு, எப்போது, எத்தனை நாள் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். பிறகு அதைச் செய்து முடிப்பேன் என்று எவ்வளவு நம்பிக்கை இருக்கிறதோ அதற்குப் பத்துக்கு ஒரு எண் சொல்ல வேண்டும். ஏழுக்குக் குறைந்தால் விட மாட்டார்கள். எது தடுக்கிறது என்று பார்த்துத் திட்டத்தைச் சின்னதாக்கச் சொல்வார்கள். என் முறை வந்தபோது, “இனிப்ப விட்டுடறேன்” என்றேன், நல்ல பிள்ளையாக.

“அது டாக்டரோட ஆசைண்ணே. இங்க சொல்ல வேண்டியது உங்க ஆசைய. உங்களுக்கு என்ன வேணும்?”

எனக்கு என்ன வேண்டும் என்பது பீரோ மேல் துண்டு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. “இருபது நிமிஷம் நடக்கறேன், வாரத்துல நாலு நாள்” என்றேன். நம்பிக்கை எட்டு என்றேன். இரண்டும் பொய்.

புதன்கிழமைகளில் ஒருவருக்கொருவர் போன் செய்து, திட்டம் எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்க வேண்டும், அதற்கு ஒரு ஜோடி. எனக்கு வாய்த்தவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். நுரையீரல் மக்கர். பேசுவதை நிறுத்தினால்தான் மூச்சு வாங்கும், பேசும்போது வாங்காது. ஆறு வருடம் முன்பே ஒரு தடவை இந்தப் பயிற்சிக்கு வந்துவிட்டு, மறந்துபோச்சு என்று மறுபடியும் வந்திருக்கிறார்.

“மெக்கானிக் சாரா? நடந்தீங்களா?”

“நடந்தேன்” என்றேன். கட்டிலிலிருந்து ஃப்ரிட்ஜ் வரை நடந்திருந்தேன்.

“உங்க குரல நான் எங்கயோ கேட்டிருக்கேனே. என் பஸ்ல வந்திருக்கீங்களா?”

“வண்டி வச்சிருக்கேங்க. பஸ்ல ஏறி வருஷக்கணக்காச்சு.”

“இல்ல, கேட்டிருக்கேன். மூஞ்சி மறந்துடும் எனக்கு. குரல் மறக்காது. எத்தன பேரு ‘இறங்கணும் இறங்கணும்’னு கத்தியிருப்பான்!”

உங்கள் காதைக் கொஞ்சம் கடன் கொடுங்கள் என்று கேட்கத் தோன்றியது. அதற்குப் பதிலாக அந்தக் கேசட்டில் என்ன இருக்கும் என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன். முதலில் உடம்பு முழுவதையும் இறுக்கிப் பிடிக்கச் சொல்வார்களாம். பிறகு நெற்றி, தாடை, தோள் என்று ஒவ்வொன்றாக விடச் சொல்வார்களாம். “அந்தம்மா சொல்லச் சொல்ல, அப்படியே மூட்டைய இறக்கி வச்ச மாதிரி இருக்கும் சார். வலது கால மட்டும் நாமளா விட்டுக்கணும்” என்றார்.

அதிலிருந்து நான் சனிக்கிழமைகளை எண்ண ஆரம்பித்தேன். இரண்டாவது வாரம், களைப்பு. மூன்றாவது வாரம், சாப்பாடு. பாடத்தைக் கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு துண்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் ராத்திரிச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி வைத்த பிறகு சமையலறையில் ஒரு சத்தம் இருக்காது. முன்பெல்லாம் எங்கள் ஃப்ரிட்ஜ் உறுமும். ஊரார் ஃப்ரிட்ஜையெல்லாம் சரிசெய்கிறவன் வீட்டு ஃப்ரிட்ஜ் அப்படித்தான் இருக்கும். “இத ஒரு நாள் பாருங்களேன்” என்பாள். “நாளைக்கு” என்பேன். அவள் போன பத்தாம் நாள் கழற்றினேன். கம்ப்ரஸருக்கு அடியில் ரப்பர் தேய்ந்திருந்தது. இருபது நிமிட வேலை. அன்றிலிருந்து வீடு ஊமை.

நாலாவது வாரம் முடிந்து எல்லாரும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது நர்ஸம்மா சொன்னார். “அடுத்த வாரம் உடம்பத் தளர்த்துற பயிற்சி. பழைய கேசட் ரொம்பத் தேஞ்சுபோச்சு, அதுல ஒரு தப்பும் இருக்கு. தலைமை ஆபீஸ்ல இருந்து புதுசா ஒண்ணு பென் டிரைவ்ல அனுப்பியிருக்காங்க. அதப் போடறோம். பின்னாடி தண்ணி ஓடற சத்தம் எல்லாம் இருக்கு.”

“தண்ணிச் சத்தமா? இங்க பாதிப் பேரு சர்க்கரக்காரங்க. நடுவுலயே எந்திரிச்சுப் போயிடுவோம்” என்றார் கண்டக்டர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் வாயைத் திறந்தேன், சிரிப்பு வரவில்லை. படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். முதல் தடவையாக.

புதன்கிழமை போன் வந்தது. “நடந்தீங்களா?”

“நடக்கல. ஒரு நாளும் நடக்கல. எல்லாம் புளுகு.” அடக்க முடியாமல் கொட்டிவிட்டேன். அந்தக் கேசட்டில் பேசுவது என் மனைவி என்று சொன்னேன். படிக்குக் கீழேயே அவளை இறக்கிவிட்டுப் போனதைச் சொன்னேன். “எனக்கு அத ஒரே ஒரு தடவ கேக்கணும், கண்டக்டர். வேற ஒண்ணும் வேணாம்.”

அந்தப் பக்கம் ஒரு இழுப்புச் சத்தம் வந்தது.

“புத்தி சொல்லக் கூடாதுன்னு ரூல் இருக்கு. அதனால கேள்விதான் கேக்கறேன். சனிக்கிழம எல்லார் முன்னாடியும் இத சொல்லுவீங்களா? பத்துக்கு எத்தன?”

“மூணு.”

“ஏழுக்குக் கீழ. எது தடுக்குது?”

“வெக்கமா இருக்கு.”

“அது இருக்கத்தான் செய்யும். அப்ப திட்டத்தச் சின்னதாக்குங்க. எல்லாத்தையும் சொல்ல வேணாம். ஒரு வரி மட்டும் சொல்லுங்க. இப்ப எத்தன?”

“ஆறு.”

“மீதி ஒண்ணுக்கு நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்.”

சனிக்கிழமை அவர் சொன்னபடியே வந்து என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வட்டம் சுற்றி வந்தது. ஒருவர் காய்கறி என்றார், ஒருவர் படி ஏறுவது என்றார். என் முறை வந்தது. எழுந்து நிற்க வேண்டியதில்லை, ஆனால் நின்றேன்.

“பழைய கேசட்ட ஒரு தடவ கேக்கணும். இன்னைக்கே. அது என் பொண்டாட்டி குரல்.”

ஒரு வரி என்று போனது இரண்டு வரி ஆகிவிட்டது. நர்ஸம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

“உங்களுக்குத் திடீர்னு கேட்டா தாங்காதுன்னுதாண்ணே இந்தத் தடவ புதுச போடலாம்னு இருந்தேன். நீங்க அக்காவப் பத்தி ஒரு வார்த்த பேசல. நானா எப்படிக் கேக்கறது?”

இரண்டு வருடம் நான் அவர் முகத்துக்குப் பயந்தேன். அவர் என் முகத்துக்குப் பயந்திருக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் நல்ல மனிதர்கள்தான், ஆனால் வடிகட்டின முட்டாள்கள்.

துண்டை எடுத்துவிட்டு, பீரோவிலிருந்து கேசட்டைத் தேடிப் போட்டார். பட்டனை அழுத்தியதும் ‘ம்ர்ர்ர்’ என்று ஒரு இழுவை வந்து நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினார். அசையவில்லை. “ஒரு வருஷமா தகராறுதான்” என்றார். இவ்வளவு தூரம் வந்துவிட்டு இதுவா? மெக்கானிக் புத்தி உடனே முன்னால் வந்து நின்றது. தள்ளுங்கள் என்று டேப் ரெக்கார்டரைத் திருப்பிப் பார்த்தேன். பெல்ட் நழுவியிருக்கும், திறந்தால் சரியாகிவிடும். டூல்ஸ் பை வண்டியில் கீழே கிடந்தது.

“ஸ்க்ரூடிரைவர் எங்க வச்சிருக்கீங்க?” என்றேன், வழக்கமான அவசரத்தில்.

கண்டக்டர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். “அட! நீங்கதானா அது!” என்று ஆரம்பித்தவரை நர்ஸம்மா கையைக் காட்டி நிறுத்தினார். எது நான்தான் என்று எனக்குப் புரியவில்லை, கேட்கப் பொறுமையும் இல்லை. யாரோ நூலகத்திலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவர் வாங்கி வந்தார்கள். பெல்ட் நழுவித்தான் கிடந்தது. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எடுத்து மாட்டினேன்.

எல்லாரும் தரையில் பாயை விரித்துப் படுத்தோம். நர்ஸம்மா பட்டனை அழுத்தினார்.

முதலில் கரகரப்பு. பிறகு ஒரு செருமல். செருமலிலேயே தெரிந்துவிட்டது.

“வசதியாப் படுத்துக்குங்க. படுக்க முடியலன்னா உக்காந்துக்குங்க. யாரும் மார்க் போடப் போறதில்ல.”

நான் இரண்டு வருடமாக மனதில் வைத்திருந்தது வேறு யாருடைய குரலோ. இது இன்னும் கொஞ்சம் மூக்கால் வந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் ஒரு சின்ன மூச்சு இருந்தது. அந்த மூச்சை நான் எப்படி மறந்தேன்? கண்ணை மூடிக்கொண்டால்தான் நல்லது என்று மூடிக்கொண்டேன், மூடினால் நிற்கிற தண்ணீரா அது.

“இப்ப தலையில இருந்து கால் வரைக்கும் நல்லா இறுக்கிப் பிடிங்க. நான் சொல்றப்ப ஒவ்வொண்ணா விட்டாப் போதும். பிடிச்சாச்சா?”

பிடித்துவிட்டேன் என்று வாய்க்குள் சொன்னேன்.

“நெத்தி... விடுங்க. தாடை... பல்லக் கடிச்சுட்டே இருக்கீங்க இல்ல? விடுங்க. தோள்... விடுங்க. விரல்... முடிஞ்ச வரைக்கும் போதும்.” அந்த இடத்தில் அவள் தன் விரல்களைப் பார்த்திருப்பாள்.

அப்போது அவள் குரலுக்குப் பின்னால் ஒரு உறுமல் எழுந்தது. எங்கள் ஃப்ரிட்ஜ். முன்னறையில் நான் டிவி போட்டிருப்பேன், அதனால் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பதிவு செய்திருக்கிறாள். நாளைக்குப் பார்க்கிறேன் என்று நான் தள்ளிப்போட்ட அந்தச் சத்தம் அத்தனை பேர் காதிலும் உறுமிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தச் சமையலறைக்குள் போய் அவள் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வேண்டும்போல் இருந்தது. ஒன்றும் பேச வேண்டாம். உட்கார்ந்தால் போதும்.

“வயிறு... விடுங்க. இடது கால்... மெதுவா விடுங்க.”

கதவு கிறீச்சிட்டது. எரிச்சலோடு ஒரு ஆண் குரல், ஏதோ ரயிலைப் பிடிக்கப் போகிறவன்போல:

“ஸ்க்ரூடிரைவர எங்க வச்சே?”

நான்தான்.

அறையில் ஒருவரும் அசையவில்லை. பழைய ஆட்களுக்கெல்லாம் அது பழகிப்போன குரல். ஒன்பது வருடமாக யாரென்று தெரியாமல் கேட்டிருக்கிறார்கள். கேசட்டில் அவள் மூச்சு ஒன்று வந்தது. இப்போது என்னைப் பிடித்துக் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தினால்கூட நன்றாக இருந்திருக்கும்.

“வெளியில ஏதாவது சத்தம் கேக்கலாம்” என்றாள், குரல் மாறாமல். “அதுக்கு இப்ப பதில் சொல்ல வேணாம். அது பாட்டுக்கு வரும், போகும். கோவப்படாதீங்க. நமக்கு வேண்டப்பட்ட சத்தம்தான்.”

கதவு சாத்தும் சத்தம். நான் போய்விட்டேன். ஸ்க்ரூடிரைவர் கிடைத்ததோ இல்லையோ, போய்விட்டேன்.

அவள் எந்த இடத்தில் விட்டோம் என்று யோசித்திருக்க வேண்டும். ஒரு சின்ன இடைவெளி. “இடது கால்...” என்றாள். “விடுங்க.”

ஆக, அது அவள் தப்பு இல்லை. மருந்துக்கடைக்காரர் சிரித்த தப்பு, தலைமை ஆபீஸ் திருத்தின தப்பு, எல்லாம் என்னால்.

“எல்லாத்தையும் விட்டாச்சு. இப்ப அப்படியே கொஞ்ச நேரம் இருங்க.” பிறகு ஃப்ரிட்ஜின் உறுமல் மட்டும். பிறகு அதுவும் இல்லை. டேப் ரெக்கார்டர் ‘டக்’கென்று நின்றது.

பக்கத்தில் பாய்கள் சரசரத்தன. எல்லாரும் அவரவர் வலது காலை எப்போதோ விட்டிருந்தார்கள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கண்டக்டர் இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார். நான் எழவில்லை. வலது காலைத் தொடையிலிருந்து கட்டைவிரல் வரை இறுக்கிப் பிடித்தபடி படுத்திருந்தேன். ஆடுசதை வலிக்க ஆரம்பித்திருந்தது.

நர்ஸம்மா குனிந்து என் தோளைத் தொட்டார். “முடிஞ்சுதுண்ணே. கால விடுங்க, பிடிச்சுக்கப் போகுது.”

“இருங்க நர்ஸம்மா” என்றேன். “அவ இன்னும் சொல்லல.”